இடையன் வெட்டு அறா வெட்டு

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். யார் என்ன பேசினாலும் மனத்துக்குள் உடனே அதைத் தமிழாக்கிப் பார்ப்பது அந்த வேலை கொடுத்த பழக்கம். தப்புத் தமிழைக் கண்டால் ரத்தக் கொதிப்பு ஏறுவது நானாகச் சேர்த்துக்கொண்டது. லிட்டில் இந்தியாவுக்கு வெண்டைக்காய் வாங்கப் போய், ஒரு கடை வாசலில் கால் ஒடிந்து கிடந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடமே பேனா வாங்கித் திருத்திக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் வெண்டைக்காய் நினைவுக்கு வந்தது.

இந்தப் பெயர் பரவியிருந்ததால்தான் பாய் என்னைத் தேடி வந்தார். லிட்டில் இந்தியாவில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருப்பவர். தம் பள்ளிவாசலின் தமிழ் நிகழ்ச்சிகளையும் கவனித்துக்கொள்கிறார். என்னைவிடச் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். எல்லா மதத்தாரும் வந்து உட்காரும் ஒரு மாலை நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். நல்லாட்சிக்கு இஸ்லாம் சொல்லும் உவமைகள் என்பது தலைப்பு. பேசப்போகிறவர் ஒரு மலாய் உஸ்தாஸ், மார்க்க ஆசிரியர். அவர் ஆங்கிலத்தில் ஒரு பகுதி பேச, நான் அதைத் தமிழில் வாசிக்க வேண்டும். உரையை எழுதியே அனுப்பிவிட்டார்.

"நீங்கதான் செய்யணும்க்கா. வேற யார்கிட்ட குடுத்தாலும் கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்துட்டு வந்துருவாங்க," என்றார் பாய்.

நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே கிளம்பாதவள் நான். அதை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. கம்ப்யூட்டர் என்ற சொல்லிலேயே நான் விழுந்துவிட்டேன்.

ஈசூனில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் மொழிபெயர்த்தேன். முதலில் வந்தது கப்பல். ஒரு கப்பலில் மேல்தட்டில் சிலர், கீழ்த்தட்டில் சிலர். சீட்டுக் குலுக்கி இடம் பிரித்துக்கொண்டவர்கள். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்கு ஒவ்வொரு முறையும் மேலே ஏறிப் போக வேண்டும். எதற்கு மேலே இருப்பவர்களுக்குத் தொந்தரவு, நம் பங்கில் ஓர் ஓட்டை போட்டுக்கொள்வோமே என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. மேலே இருப்பவர்கள் கையைப் பிடித்துத் தடுத்தால் இரண்டு தட்டும் பிழைக்கும். அவர்கள் பங்கு, அவர்கள் பாடு என்று விட்டுவிட்டால் எல்லாரும் மூழ்க வேண்டியதுதான்.

இதை நான் மிகுந்த உணர்ச்சியோடு மொழிபெயர்த்தேன். என் குளியலறைக் கூரையில் மேல்வீட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த சமயம் அது. நான் கீழ்த்தட்டு, ஓட்டை மேல்தட்டில், அவ்வளவுதான் வித்தியாசம். மேல்வீட்டுக்காரர் தம் பங்கு, தம் பாடு என்று இருந்தார். கேட்டால் சிரிப்பார், சொட்டு நிற்காது.

பிறகு தராசு. வானம் உயர்த்தப்பட்டபோதே தராசும் வைக்கப்பட்டதாக அவர்கள் வேதம் சொல்கிறதாம். நட்சத்திரங்களையும் சந்தைக் கடையின் எடைத்தட்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தது எனக்குப் பிடித்துப்போனது. அதற்கடுத்து உடம்பு. ஓர் உறுப்பு நொந்தால் மற்ற உறுப்புகளும் தூங்காமல் காய்ச்சலில் கிடக்குமாம். இவையெல்லாம் தமிழில் தாமாக வந்து உட்கார்ந்தன.

கடைசி உவமையில்தான் பேனா நின்றது. உங்களில் ஒவ்வொருவரும் ஆடு மேய்ப்பவர், ஒவ்வொருவரிடமும் அவர் மந்தையைப் பற்றிக் கேட்கப்படும் என்பது நபிமொழி. நாட்டை ஆள்பவரிடம் மக்களைப் பற்றி, வீட்டை நடத்துபவரிடம் வீட்டைப் பற்றி. மேய்ப்பவனை ராஈ என்கிறது அரபு, மந்தையை ரஈய்யத். உஸ்தாஸ் ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். அந்த ரஈய்யத்தான் மலாயில் குடிமக்களைக் குறிக்கும் 'ரக்யாட்' ஆனது. படித்ததும் நான் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டேன். தமிழ்நாட்டில் நிலவரி கட்டிய குடியானவனுக்கு ரயத்து என்று பெயர். அதுவும் இதே சொல்தான். ஒரு பாலைவனத்து ஆட்டு மந்தை, ஒரு பக்கம் மலாய்க்காரர் வாயில் குடிமக்களாகவும் இன்னொரு பக்கம் நம் வரப்பில் குடியானவனாகவும் நிற்கிறது. சொற்களோடு வாழ்ந்தவளுக்கு இதைவிட என்ன விருந்து வேண்டும்.

சரி, அந்த ராஈக்குத் தமிழில் என்ன போடுவது? மேய்ப்பர் என்றால் தேவாலயத்து வாசனை வருகிறது. ஆயர் என்றால் பிஷப். வழக்கமாகப் போடுவது பொறுப்பாளர். அதில் மழையும் இல்லை, ஆடும் இல்லை. மிச்சமிருந்தது ஒன்றுதான். இடையன் என்று எழுதினேன்.

எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொல் அது. நாங்கள் இடையர்கள். பொத்தோங் பாசிர் பக்கம் அப்பா ஆடு வளர்த்தார். காலையில் பால் கறந்து சைக்கிளில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஊற்றுவார். பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்குத் தப்பானால்கூடப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும், இடையன் புத்தி பிடரியிலே என்று. என் சடையில் ஆட்டு வாடை வருகிறதா என்று மோந்து பார்த்தவர்கள் உண்டு. அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் பால் வியாபாரம் என்று சொல்லும்படி அப்பாவே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். தமிழர்களிடம்தான் இந்த ஒளிவு மறைவு. மலாய்க்காரர்களிடம் ஆடு மேய்ப்பதாகச் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்த மொழியில் அவரை யாரும் அதைச் சொல்லி அடித்ததில்லை.

நான் வேலைக்குப் போன இடத்திலும் அது என்னை விடவில்லை. யாராவது ஒரு வேலையை அரைகுறையாக விட்டால், எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர், "இடையன் வெட்டு அறா வெட்டு" என்பார். யாரையும் நோகடிக்க அவர் சொன்னதில்லை, அது ஊர்ப் பழமொழி. எனக்கு மட்டும் பொறுக்காது, ஏனென்றால் அந்த வெட்டை நான் பார்த்திருக்கிறேன்.

பக்கத்துக் கம்பத்தில், மலாய்க்காரர்களின் கிராமத்தில், ஓர் அம்மாளின் வாசலில் பெரிய பலா மரம் இருந்தது. ஆடுகளுக்குப் பலா இலை என்றால் உயிர். அப்பா பாராங் கத்தியோடு ஏறுவார். கிளையைத் துண்டாக வெட்டமாட்டார். பாதி வெட்டி, வளைத்துத் தொங்கவிடுவார். ஆடுகள் எட்டித் தின்னும். ஒரு பக்கப் பட்டை மரத்தோடு ஒட்டியிருப்பதால் கிளை சாகாது, மறுபடி துளிர்க்கும். வேறு யாரையும் அந்த மரத்தில் கை வைக்க விடாத அந்த அம்மாள், அப்பாவை மட்டும் தானே கூப்பிட்டு வெட்டச் சொல்வார்.

மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டு பாயைப் பார்க்கப் போனேன். அவர் கடைக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில் தே தாரிக் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, தாள்களைப் பொறுமையாகப் படித்தார். கப்பலுக்குத் தலையாட்டினார். கடைசிப் பக்கத்தில் அவர் விரல் ஒரு சொல்லின் மேல் நின்றது.

"எல்லாம் சூப்பரா இருக்குக்கா. இந்த ஒரு வேர்ட் மட்டும் மாத்திடுவோமா?"

"ஏன் பாய்?"

"ஜாதிப் பேரு மாதிரி கேக்கும் லா. ஹால்ல இந்து ஆளுங்க நெறைய பேரு இருப்பாங்க. அந்த ஆளுங்க யாராச்சும் இருந்தா மனசு கஷ்டப்படும். பொறுப்பாளர்னு போட்டா சேஃப்."

"பொறுப்பாளர்னா யாரு? கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு மைக் டெஸ்ட் பண்றவரா?"

பாய் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்க நாயகம் மேனேஜர்னு சொல்லல பாய். ஆடு மேய்க்கிறவன்னு சொன்னாரு. நொண்டி ஆட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வர்றவன். மழைன்னாலும் பட்டிக்கு நாலு தடவை எந்திரிச்சுப் போறவன். அதை எடுத்துட்டா இதுல என்ன இருக்கு?"

"புரியுதுக்கா. ஆனா யாராச்சும் கஷ்டப்பட்டா?"

"நான் இடைச்சி பாய்."

வாழ்நாளில் முதல் முறையாக அந்தச் சொல்லை வெளியில் சொன்னேன். காப்பிக்கடையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாய் கிளாஸைக் கீழே வைத்தார். "தெரியாதுக்கா," என்றார் மெதுவாக.

"தெரியாமப் பாத்துக்கிட்டது நாங்கதான்."

தாள்களை அடுக்கி வைத்துவிட்டு அவர் கேட்டார், "அப்பாவும் வருவாங்கள்ல?"

"வருவாரு."

"அவங்ககிட்ட கேட்டீங்களா? நீங்க ஓகே. அவங்களும் ஓகேன்னா கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்."

நான் கேட்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. அவர் சொன்னது நியாயம், அதனாலேயே வீடு வரும் வரை கோபமாக வந்தது. அந்தச் சொல்லால் அடி வாங்கியவர் அப்பா. நான் அதைப் பெருமையாக நினைத்து மேடையில் தூக்கிக் காட்ட, அவர் அங்கேயே தலை குனிந்துவிட்டால் என்ன பெருமை அது?

அப்பா என்னோடுதான் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நடக்கக் கூட்டிக்கொண்டு போனால் அவர் மரத்தைப் பார்க்கமாட்டார், மனிதரைப் பார்க்கமாட்டார், புல்லைத்தான் பார்ப்பார். மெஷின் வைத்துப் புல் வெட்டுகிறவர்களைக் கண்டால் போதும், "மொட்டை அடிச்சு வச்சிருக்கானுங்க, நல்ல புல்லு வீணாப் போவுது," என்பார். அன்று அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரில் உட்கார்ந்து சொன்னேன்.

"அப்பா, நான் வாசிக்கப் போறதுல ஒரு சொல்லு வருது. இடையன்னு."

நன்றாகக் கேட்டும், காதுக் கருவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "வேற சொல்லே கெடைக்கலியா? அவ்வளவு படிச்சியே."

"கெடைச்சுது. எதுவும் சரியா இல்ல."

"சபையில சொன்னா எவனாச்சும் சிரிப்பான்."

"சிரிச்சா சிரிக்கட்டும்."

"உனக்கென்னம்மா, நீ மேடையில நிப்ப. நான் கீழல்ல உக்காந்திருப்பேன்."

கப்பலை அவ்வளவு உருகி உருகி மொழிபெயர்த்தவளுக்கு இந்த மேல்தட்டு கண்ணில் படவே இல்லை. தாளை எடுத்து அந்தப் பகுதியை வாசித்தே காட்டினேன். ஆடு மேய்க்காத இறைத்தூதர் ஒருவர்கூட இல்லை என்று நபிகள் நாயகம் சொன்னாராம். நீங்களுமா என்று கேட்டதற்கு, ஆமாம், மக்காவாசிகளின் ஆடுகளை நானும் மேய்த்தேன் என்றாராம்.

"ஒருத்தர் பாக்கியில்லாமலா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

அப்பா என் கையிலிருந்த தாளைத் தம் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப வேலை தெரிஞ்சுதான் சொல்லியிருக்காரு," என்றார்.

மேலே வாசித்தேன். ஒவ்வோர் இடையனிடமும் அவன் மந்தையைப் பற்றிக் கேட்கப்படும் என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரு கேப்பா?"

"சாமிதான்."

"ம். நம்மள யாரும் கேக்கல."

எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அரசாங்கத்தார் நிலத்தை எடுத்துக்கொண்டு எங்களை அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். குழாய்த் தண்ணீர் வந்தது, மின்சாரம் வந்தது, மழை நாளில் ஒழுகாத கூரை வந்தது. நான் படித்ததும் அந்த வீட்டு விளக்கில்தான். குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. கொட்டகை எவ்வளவு நீளம், தென்னை எத்தனை, ஆடு எத்தனை, குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். எத்தனை என்று கேட்டார்களே தவிர, எப்படிப்பட்ட ஆடுகள் என்று கேட்கவில்லை. வியாபாரி லாரி கொண்டு வந்து ஏற்றிப் போனான். அதற்குப் பிறகு நாங்களும் கேட்கவில்லை. அப்பாவுக்கு வருத்தம் கிளம்பிவிடும் என்று எங்களுக்குப் பயம். எங்கள் பயத்தைப் பார்த்து அவரும் வாயை மூடிக்கொண்டார்.

"எடுத்துடவாப்பா அந்தச் சொல்லை?"

"உன் இஷ்டம்," என்றார். எழுந்து அறைக்குப் போனவர் கதவருகே நின்று, "அந்த வெள்ளைச் சட்டைய அயர்ன் பண்ணி வை," என்றார்.

அது சம்மதமா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் பாயிடம் சம்மதம் என்று சொன்னேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. பாய் அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய் முன்வரிசையில் உட்கார வைத்தார். உஸ்தாஸ் நாற்பது வயதைத் தாண்டியிருக்கமாட்டார், அமைதியாகப் பேசினார். கப்பல் கதைக்குக் கூட்டம் நன்றாகவே தலையாட்டியது. என்னைப் போல் கூரை சொட்டுகிறவர்கள் நிறைய இருந்திருப்பார்கள். தராசும் உடம்பும் முடிந்தன. பிறகு அவர் கடைசி உவமையைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்களில் ஒவ்வொருவரும் ஓர் இடையன்," என்று வாசித்தேன்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார். அதைக் கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன், பழக்கச் சிரிப்பு. நான் மூச்சு வாங்கிய அந்த இடைவெளியில் அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. "அப்ப ஆட்சியும் இடையன் வெட்டு அறா வெட்டுதான் லா."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மொழிபெயர்ப்பவள் தன் சொல் ஒன்றைக்கூடச் சேர்க்கக்கூடாது. பணியில் இருந்தவரை அந்த விதியை நான் ஒரு முறையும் மீறியதில்லை. அன்று தாளைக் கீழே வைத்தேன்.

"இது உரையில் இல்லை, நான் சொல்வது," என்றேன். "அந்தப் பழமொழி சரிதான். இடையன் கிளையை முழுக்க வெட்டமாட்டான். பாதி வெட்டி வளைத்துவிடுவான். ஆட்டுக்கு இலை எட்ட வேண்டும், மரமும் சாகக்கூடாது. இரண்டையும் நினைக்கிற கைதான் அப்படி வெட்டும். அரைகுறை வேலை என்று நாம் சிரிக்கிறோம். நான் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். ஆள்கிறவர் எப்படி ஆள வேண்டும் என்று இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தமிழில் வேறு உவமை தெரியாது. அந்த மாதிரி வெட்டத் தெரிந்த ஓர் இடையனுக்குப் பிறந்தவள் நான். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்."

பிறகு தாளை எடுத்து மிச்சத்தை வாசித்து முடித்தேன். கை தட்டினார்களா என்பதுகூட நினைவில்லை.

உஸ்தாஸ் என்னிடம் குனிந்து, தம் உரை இவ்வளவு நீளம் இல்லையே என்று கேட்டார். நான் சேர்த்ததை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர், அது யார் என்று கேட்டார். காட்டினேன். அவர் மேடையிலிருந்து இறங்கி நேரே அப்பாவிடம் போனார். நானும் பின்னால் ஓடினேன். பின்வரிசைக்காரர் உட்பட எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார். "பாக்சிக்," என்று பெரியவர்களைக் கூப்பிடும் மலாய்ச் சொல்லால் கூப்பிட்டு, மலாயிலேயே கேட்டார். "உங்கள் ஆடுகளைப் பற்றிச் சொல்லுங்கள். எப்படி இருந்தன?"

அப்பாவுக்கு மலாய் என்னைவிட நன்றாக வரும். மொழிபெயர்க்க யாரும் வேண்டியதில்லை. ஆனால் அவர் தலையை நிமிர்த்தி, உஸ்தாஸைப் பார்த்து, அவருக்குப் பின்னாலிருந்த கூட்டத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார். கடைசி வரிசைக்கும் கேட்கும் குரலில், தமிழில் பேசினார்.

"நான் இடையன்னு அவர்கிட்ட சொல்லும்மா. மொத்த ஆட்டையும் சொல்லணுமா, கறவையை மட்டும் சொன்னாப் போதுமான்னு கேளு."